ஐந்து விசில் விட்டும் வேகாத குதிரைவாலி

மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். பொங்கல் விடுமுறைக்கு அவளுடைய அம்மாச்சி பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தார். மஞ்சப்பையில் இரண்டு படி குதிரைவாலி கொண்டுவந்திருந்தார். சொந்தக் காட்டில் விளைந்தது. மறுநாள் காலையில் அம்மாச்சி திருப்பரங்குன்றம் கோயிலுக்குக் கிளம்பிப் போனதும் சிறுமிக்கு ஒரு யோசனை. அவர் திரும்பி வருவதற்குள் குதிரைவாலிச் சோறு தயாராக இருக்க வேண்டும்! அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் குதிரைவாலியைக் கழுவிக் குக்கரில் வைத்தாள். மூன்று விசில் விட்டும் மணி மணியாக நின்றது. இன்னும் இரண்டு விசில் விட்டாள். வாயில் போட்டால் வைக்கோலை மென்றதுபோல் சக்கை, தொண்டையில் குத்தியது.

அம்மாச்சி வந்து பார்த்தார். "இன்னும் உமியே எடுக்கலையே ராசாத்தி! நெல்ல அப்படியே உலையில போட்டா சோறாகுமா?" என்றார்.

சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள். "கம்பை மட்டும் அம்மாச்சி அப்படியே ஊறவச்சு இடிக்கிறாங்க. கேப்பையை அப்படியே அரைக்கிறாங்க. இதுக்கு மட்டும் ஏன் மாமா உமி எடுக்கணும்?"

நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் தானியம் என்று சொல்வது ஒரு விதை. அது நம் தட்டுக்கு வருவதற்காக உருவானதில்லை. மண்ணில் விழுந்து, மழைக்குக் காத்திருந்து, முளைப்பதற்காக உருவானது. காத்திருக்கும் காலத்தில் பூச்சி தின்னக்கூடாது, ஈரம் புகக்கூடாது. அதற்காக விதை செய்துகொண்ட ஏற்பாடுகள்தான் நம் சமையலறையில் சிக்கல்களாக வந்து நிற்கின்றன.

உமி அந்த ஏற்பாடுகளில் ஒன்று. அதில் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள் இருக்கிறது. கூடவே சிலிக்கா இருக்கிறது; மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற அதே சிலிக்கா. இந்த இரண்டையும் செரிக்க நம் வயிற்றால் முடியாது. குக்கர் ஆவியும் அவற்றைக் கரைக்காது. உள்ளே மாவு வெந்தாலும் வெளியே உமி உமியாகவே இருக்கும்.

கம்பு, சோளம், கேழ்வரகு மூன்றும் கதிர் அடிக்கும்போதே உமியை உதிர்த்துவிடுகின்றன. கேழ்வரகைத்தான் எங்கள் பக்கத்தில் கேப்பை என்கிறோம். வரகு, சாமை, தினை, குதிரைவாலி, பனிவரகு ஐந்தும் அப்படி இல்லை. மணியோடு உமி இறுக ஒட்டியே இருக்கும். அதனால்தான் கடையில் இவற்றை வாங்கும்போது வரகரிசி, சாமை அரிசி என்று கேட்கிறோம். 'அரிசி' என்று சொன்னாலே உமி நீங்கியது என்று பொருள்.

இந்த ஐந்தில் வரகுதான் மகா கெட்டி. அதன் உமி பல அடுக்காக இருக்கும். அந்தக் காலத்தில் திருகையில் இட்டுச் சுற்றி, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, சுளகில் புடைத்து, மறுபடியும் குத்தி, மறுபடியும் புடைத்துத்தான் ஒருவேளைச் சோற்றுக்கு வரகரிசி எடுத்தார்கள். அந்த வேலை முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. கோயில் கோபுரக் கலசங்களுக்குள் வரகை நிரப்பி, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது மாற்றுகிற வழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நன்றாகக் காயவைத்த வரகு ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்பதை நம் முன்னோர்கள் கண்டுவைத்திருந்தார்கள். சமைப்பவரைப் படாத பாடு படுத்தும் அதே உமிதான் விதையை இத்தனை காலம் காக்கிறது.

சிறுதானியங்கள் நம் வீடுகளை விட்டு ஏன் போயின என்று கேட்டால், நாகரிகம் மாறிவிட்டது, நாக்கு மாறிவிட்டது என்பார்கள். ரேஷன் கடையில் அரிசி மலிவாகக் கிடைத்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் இந்த உமியைத்தான் பெரிய காரணமாக நான் நினைக்கிறேன். நெல்லைக் குத்த ஊருக்கு ஊர் மில் வந்தது. சாமைக்கும் குதிரைவாலிக்கும் வரவில்லை. நெல்லுக்குச் செய்த இயந்திரம் கடுகளவு மணிக்குச் சரிப்படாது. மணி நொறுங்கும், அல்லது உமியோடு அப்படியே வெளியே வரும். உலக்கை போட்டுக் குத்தக் கையில் வலுவில்லாத வீட்டில் மூட்டை நிறையக் குதிரைவாலி இருந்தும் பயனில்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை பேரையூர்ப் பகுதி உழவர்களோடு சேர்ந்து சிறுதானிய வேலையில் இறங்கியபோது, சிறு அளவில் உமி நீக்கும் இயந்திரங்களுக்கும் முக்கிய இடம் கொடுத்தது இதனால்தான்.

சரி, உமியை எடுத்தாயிற்று. உள்ளே என்ன இருக்கிறது?

வெளியே மெல்லிய தவிட்டுத் தோல். அதற்குள்ளே பெரும்பகுதி மாவு. ஒரு ஓரத்தில் சின்னஞ்சிறிய முளைக்கரு. மாவு என்பது முளைக்கப்போகும் குட்டிச் செடிக்கு விதை கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. கொழுப்பும் உயிர்ச்சத்துகளும் தாது உப்புகளும் பெரும்பாலும் தவிட்டிலும் கருவிலும் இருக்கின்றன. தவிடு, மாவு, கரு மூன்றும் சேர்ந்திருந்தால் அது முழுத்தானியம். தவிட்டையும் கருவையும் தீட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் மாவு.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஆயிரம் கேப்பை மணிகளை எண்ணி எடைபோட்டால் ஏறக்குறைய 3 கிராம்தான் இருக்கும். அப்படியானால் ஒரு கிலோவில் மூன்று லட்சத்துக்கு மேல் மணிகள்! மணி சிறுத்தால் என்ன நடக்கும்? அம்மாவோடு உட்கார்ந்து ஒரு கிலோ பெரிய வெங்காயமும் ஒரு கிலோ சின்ன வெங்காயமும் உரித்துப் பாருங்கள். எடை ஒன்றுதான். ஆனால் சின்ன வெங்காயத்தின் தோல் குவியல் பெரிதாக இருக்கும். உருண்டையான பொருள் சிறிதாகச் சிறிதாக, அதன் எடைக்கு ஏற்ற தோலின் பங்கு கூடும். சிறுதானியத்தில் தவிட்டின் பங்கு கூடுதலாக இருக்க இதுவும் ஒரு காரணம். அதனால் நார்ச்சத்தும் கூடுதல்.

ஆனால் கடையில் பளிச்சென்று வெள்ளையாகக் கிடக்கும் குதிரைவாலி அரிசியைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். வெள்ளையாகத் தெரிவதற்காகத் தவிட்டையும் சேர்த்துத் தீட்டியிருப்பார்கள். விலை கொடுத்துச் சிறுதானியம் வாங்கி, அதன் நல்ல பகுதியைத் தவிட்டோடு விட்டுவிட்டு வருவது வீண் வேலை. கொஞ்சம் பழுப்பாக, மங்கலாக இருப்பதே நல்லது.

எந்தத் தானியத்தில் என்ன இருக்கிறது என்று நீளமாகப் பட்டியல் போட மாட்டேன். இரண்டே இரண்டு சொல்கிறேன். 100 கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் பத்து மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்புச்சத்து; வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

ஆனால் தானியத்தில் இருப்பதெல்லாம் நம் உடம்பில் சேராது. தவிட்டில் பைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. வரப்போகும் செடிக்காகப் பாஸ்பரசைச் சேமித்து வைக்கும் பெட்டி அது. இரும்பையும் கால்சியத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நம் குடலுக்கு விட்டுக்கொடுக்காது. விதை முளைக்கும்போது தானே ஒரு நொதியைக் கொண்டு அந்தப் பெட்டியைத் திறந்துகொள்ளும். நாம் செய்ய வேண்டியது, முளைக்கும் நேரம் வந்துவிட்டது என்று விதையை நம்பவைப்பது. ஊறவைப்பது அதற்குத்தான். முளைகட்டுவது அதற்குத்தான். கேப்பை மாவை முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்கவைத்து மறுநாள் கூழ் காய்ச்சுவதும் அந்தப் பெட்டியைத் திறக்கத்தான் உதவுகிறது. அங்கே நொதியோடு நுண்ணுயிர்களும் சேர்ந்துகொள்கின்றன. கூழுக்கு அந்த இதமான புளிப்பைத் தருவதும் அவைதான். வெயில் காலத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு கம்பங்கூழ் குடிக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

விதை முளைப்பதைக் கண்ணால் அறிய ஒரு சோதனை சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

ஒரு கைப்பிடி கேப்பையை இரவில் ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். ஒன்றிரண்டு நாளில் வெள்ளை நூல்போல் முளை எட்டிப் பார்க்கும். அதை வெயிலில் நன்றாகக் காயவைத்து மிக்சியில் மாவாக்குங்கள். வறுக்கக் கூடாது, வறுத்தால் சோதனை நடக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது முளைக்காத சாதாரணக் கேப்பை மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சச் சொல்லுங்கள். கரண்டியை நட்டால் சாயாமல் நிற்க வேண்டும். அதை இரண்டு கிண்ணங்களில் சமமாக ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி முளைகட்டிய மாவைப் போட்டுக் கலக்குங்கள். இன்னொன்றில் ஒரு தேக்கரண்டி சாதாரண மாவு. இரண்டையும் மூடிவைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பாருங்கள். சாதாரண மாவு போட்ட கூழ் கெட்டியாகவே இருக்கும். முளைகட்டிய மாவு போட்டது தண்ணீர்போல் ஓடும்!

தண்ணீர் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. மாவுப்பொருள் என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. கூழ் காய்ச்சும்போது இந்தச் சங்கிலிகள் தண்ணீரை உறிஞ்சி, விரிந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. கூழ் கெட்டியாவது அதனால்தான். முளைவிடும் விதை, கட்டுச்சோற்றைத் தின்பதற்காக அமைலேஸ் என்ற நொதியைச் செய்கிறது. அது கத்தரிக்கோல்போல் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். சிக்கு விடுபட்டதும் கூழ் நீர்த்துவிடும். இதே நொதி உங்கள் எச்சிலிலும் இருக்கிறது. சோற்றை வெகுநேரம் மென்றால் இனிக்கிறதே, அது அமைலேஸின் வேலைதான்.

நொதிகள் கடும் சூட்டைத் தாங்காது, செயலிழந்துவிடும். அதனால்தான் வறுக்க வேண்டாம் என்றேன். சோதனை முடிந்ததும் கூழை மறுபடி ஒரு கொதி விட்டுப் பிறகு குடியுங்கள். கைக்குழந்தைகளுக்கு முளைகட்டிய கேப்பையில் கூழ் காய்ச்சுவதன் சூட்சுமமும் இதுதான். குழந்தையின் வயிறு சிறியது. சாதாரண மாவில் கூழ் குழந்தை விழுங்கும் பதத்துக்கு வர வேண்டுமானால் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வயிறு தண்ணீராலேயே நிறைந்துவிடும். முளைகட்டிய மாவென்றால் அதே பதத்துக்குள் அதிக மாவு அடங்கும்.

கம்பு மாவு கசப்பதும் நொதியால்தான். கம்பு மணியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு முளைக்கரு. அதில் கொழுப்பு நிறைய. கொழுப்பை வெட்டும் லைபேஸ் என்ற நொதியும் அதே மணியில் இருக்கிறது. முழு மணியாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனி அறைகளில் அமைதியாக இருக்கும். அரைத்ததும் அறைச்சுவர்கள் உடைந்து இரண்டும் கலந்துவிடும். சில நாட்களில் மாவில் காறல் வாடை வந்து கசக்கும். ஆகவே கம்பை மணியாக வாங்கி வையுங்கள். வேண்டும்போது வேண்டிய அளவு அரைத்துக்கொள்ளுங்கள். அரைப்பதற்கு முன் லேசாக வறுத்தால் லைபேஸ் அடங்கும். மாவு இன்னும் சில நாள் தாங்கும்.

கேப்பை ரொட்டியைச் சப்பாத்திபோல் தேய்க்கப் பார்த்தால் விரிசல் விடுகிறதே? கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரதம் வலைபோல் பின்னிக்கொள்ளும். அந்த வலைதான் இழுத்தால் நீளுகிறது. சிறுதானியங்களில் குளூட்டன் இல்லை. அதனால் பாட்டிகள் வேறு வழி கண்டார்கள். வெந்நீர் ஊற்றிப் பிசைந்தால் மாவுப்பொருளில் ஒரு பகுதி வெந்து பசையாகி மற்றதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கையால் தட்டிப் பரப்பலாம்.

குதிரைவாலிச் சோற்றுக்கு வருவோம். உமி நீக்கிய அரிசி ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் போதும். அரை மணி நேரம் ஊறவைத்தால் ஒன்றிரண்டு விசிலில் மலர்ந்துவிடும். முதல் தடவை என்றால் பாதி அரிசி, பாதி குதிரைவாலி கலந்து வையுங்கள். வயிறும் புது நார்ச்சத்துக்கு மெல்ல மெல்லப் பழக வேண்டும்.

"அம்மாச்சி ஊர்ல ஏன் நெல்லு போடாம குதிரைவாலி போடுறாங்க?" இதுவும் அந்தச் சிறுமி கேட்டதுதான். பழங்காநத்தத்திலிருந்து திருமங்கலம் தாண்டி, தே.கல்லுப்பட்டி வழியாகப் பேரையூருக்குப் பேருந்தில் போனால் ஜன்னல் வழியே விடை தெரியும். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் நெல் வயல்களுக்குப் பாய்கிறது. தென்மேற்கே பேரையூர்ப் பக்கம் அந்தத் தண்ணீர் ஏறாது. கரிசல் மண்ணும் ஐப்பசி, கார்த்திகை மழையும்தான் அங்கே உள்ள சொத்து. அந்த மழையை நம்பி விதைப்பதை மானாவாரி என்பார்கள். நூறு நாளுக்குள் அறுவடைக்கு வருகிற பயிர்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். குதிரைவாலி அப்படிப்பட்டது. யானைமலை பக்கத்தில் ஒத்தக்கடையிலுள்ள மதுரை வேளாண்மைக் கல்லூரி இந்த நிலங்களுக்கென்றே எம்.டி.யு 1 என்ற குதிரைவாலி ரகத்தை உருவாக்கியிருக்கிறது.

குதிரைவாலியின் இலைக்குள் இன்னொரு திறமையும் இருக்கிறது. எல்லாச் செடிகளும் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்கின்றன. திறந்த அதே துளை வழியாகத் தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது. நெல்லின் இலையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதி, வெயில் ஏற ஏறத் தடுமாறி, ஆக்சிஜனையும் பிடித்து வீணாக்கும். குதிரைவாலி அப்படி விடாது. வெளிச் செல்களில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட ஒரு பொருளாக மாற்றி, இலை நரம்பைச் சுற்றியுள்ள உள் அறைக்குத் தள்ளி, அங்கே அவிழ்க்கிறது. உள்ளே கார்பன் டை ஆக்சைடு நெருக்கமாக இருப்பதால் நொதிக்குத் தடுமாற்றம் இல்லை, துளைகளை அகலத் திறக்கவும் வேண்டாம், தண்ணீர் மிச்சம். இப்படிப்பட்டவற்றைச் சி4 தாவரங்கள் என்கிறோம். நான் மேலே சொன்ன எட்டுச் சிறுதானியங்களும் சி4 தாவரங்கள்தான். கரும்பும் மக்காச்சோளமும்கூட.

அந்த எட்டில் கம்பும் சோளமும் கேப்பையும் ஆப்பிரிக்காவில் பிறந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தவை. வரகும் சாமையும் குதிரைவாலியும் நம் இந்திய மண்ணிலேயே மனிதர் பழக்கியெடுத்த பயிர்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 10 யானைகள் அடுத்தடுத்து இறந்துபோயின. வயலில் பூஞ்சை பிடித்திருந்த வரகை அவை நிறையத் தின்றிருந்தன. சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற பூஞ்சை நஞ்சு அவற்றின் உடலில் இருந்ததைப் பரிசோதனைகள் காட்டின. கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வரகில் இந்தப் பூஞ்சை ஏறும். தின்றால் தலை சுற்றும், தள்ளாடும் என்பதால் நம் ஊர்ப் பெரியவர்கள் அதைக் கிறுக்கு வரகு என்று சொல்லி ஒதுக்கினார்கள். நல்ல வரகில் எந்தக் கெடுதலும் இல்லை. ஈரவாடை, பூசணம், நிறமாற்றம் தெரிந்தால் எந்தத் தானியமானாலும் கொட்டிவிடுங்கள். கழுவினாலும் வேகவைத்தாலும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். வாங்கியதை ஒருமுறை வெயிலில் காட்டி, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள்.

எதிர்வீட்டு அம்மாச்சி ஊருக்குக் கிளம்பும் முன், மீதிக் குதிரைவாலியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரலில் இட்டுக் குத்திக் காட்டினார். எங்கள் தெருவில் உரல் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். சிறுமியும் உலக்கை பிடித்தாள். பத்துக் குத்துக்குள் கை ஓய்ந்துவிட்டது. அவர் சுளகைத் தட்டிய லாவகத்தில் உமி முன்னால் பறக்க, அரிசி பின்னால் வந்து குவிந்தது. அன்று மதியம் அந்த அரிசியில் வைத்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் எனக்கும் ஒரு தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சுளகு பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். அடுத்த விடுமுறையில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தத் தானியத்தை எவ்வளவு நேரம் ஊறவைப்பார், எத்தனை முறை குத்துவார், தண்ணீர் அளவு என்ன என்று கேட்டு, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேப்பைக் கூழ்ச் சோதனையில் எத்தனை நிமிடத்தில் கூழ் நீர்த்தது என்பதையும் அதே நோட்டில் குறித்துவையுங்கள்.